சல்காடோவோட ஜெனிசிஸ்: பாதி ஃபிலிம், பாதி டிஜிட்டல், மொத்தமும் கருப்பு வெள்ளை

பிரேசில் போட்டோகிராபர் செபாஸ்டியோ சல்காடோவோட ஜெனிசிஸ்ங்கிற இயற்கைப் பட புக் எங்கயாவது கையில கிடைச்சா அதுல ரெண்டு படத்தைத் தேடி எடுத்து அடுத்தடுத்து பாருங்க. ஒண்ணு அன்டார்டிகா பக்கம் வெடல் கடல்ல 2005ல எடுத்த பனிப்பாறை, உச்சியில கோட்டைக் கொத்தளம் கணக்கா ஒரு கோபுரம் நிக்கும், அடியில அலை அரிச்சு வளைவா ஒரு வாசல் விழுந்திருக்கும். இன்னொண்ணு அலாஸ்காவுல புரூக்ஸ் மலைத்தொடர், 2009, மேகத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிச்சம் இருட்டுப் பள்ளத்தாக்குக்குள்ள இறங்குற படம். முதல் படம் ஃபிலிம், ரெண்டாவது டிஜிட்டல். நடுவுல அந்த மனுஷன் கேமராவையே மாத்திட்டாரு, ஆனா புக்கைப் புரட்டிட்டே போனா எந்தப் பக்கத்துல மாறுச்சுன்னு சுத்தமா தெரியாது.

ஃபிலிமா டிஜிட்டலா, கருப்பு வெள்ளைன்னா ஃபிலிமைக் கழுவி இருட்டறையில (டார்க்ரூம்) பிரிண்ட் போடுறதுதானே, கலர்ல எடுத்துட்டு அப்புறம் கலரைப் பிடுங்குறதெல்லாம் கருப்பு வெள்ளையான்னு போட்டோகிராபி குரூப்ல சண்டை வர்றப்பல்லாம் எனக்கு இந்த ஒரு புராஜெக்ட்தான் ஞாபகம் வரும். ஏன்னா ஒரே ஆளு, ஒரே விஷயம், ஒரே புக், அதுக்குள்ளயே ரெண்டு முறையும் இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது. அதான் கொஞ்சம் விரிவா எழுதலாம்னு.

முன்கதையை சுருக்கமா சொல்லிடுறேன். சல்காடோ பிரேசில்ல மீனாஸ் ஜெராயிஸ் மாநிலத்துல 1944ல பிறந்தவரு, படிச்சது எகனாமிக்ஸ், லண்டன்ல சர்வதேச காபி அமைப்புல வேலை, 1973ல அதை விட்டுட்டு முழுசா கேமரா பக்கம் வந்துட்டாரு. அவரை உலகத்துக்குக் காட்டினது மனுஷங்களை எடுத்த படங்கள்தான், பிரேசில்ல செரா பெலாடா தங்கச் சுரங்கத்துல எறும்புப் புத்து மாதிரி ஆளுங்க ஏறி இறங்குற 1986 படங்களைப் பார்க்காதவங்க குறைவு. நம்ம தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துலயும் 1989ல வந்து எடுத்திருக்காரு. ருவாண்டா, அகதி முகாம், பஞ்சம்னு சுத்திச் சுத்தி 90கள் முடியுறப்போ ஆளு உடம்பாலயும் மனசாலயும் நொந்து போயிட்டாரு. ஊருக்குப் போய் மனைவி லேலியாவோட சேர்ந்து அப்பாவோட காஞ்சு போன பண்ணை நிலத்துல மரம் நட ஆரம்பிச்சாங்க, 1998ல அதுக்குன்னே இன்ஸ்டிடியூட்டோ டெர்ரான்னு ஒரு அமைப்பு, காடு திரும்பி வந்துச்சு. மனுஷன் கை வைக்காத நிலத்தை, கடலை, மிருகத்தை எடுக்கணும்ங்கிற ஆசை அங்கதான் முளைச்சுது. 2004ல கலாபகோஸ் தீவுல ஜெனிசிஸ் ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஓடுச்சு, 2013ல புக்கும் லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல கண்காட்சியும் வந்துச்சு.

ஜெனிசிஸுக்கு முன்னாடி வரைக்கும் லைக்கா கேமரா, சின்ன சைஸ் 35 எம்எம் ஃபிலிம், அதுலயும் டிரை-எக்ஸ்ங்கிற கருப்பு வெள்ளை வகை, இதுதான் அவரோட உலகம். சுரங்கத்துக்கும் அகதி முகாமுக்கும் அது போதும், ஏன்னா அங்க கண்ணு முதல்ல முகத்துக்குப் போகும், ஃபிலிம்ல தெரியுற பொடிப்பொடி புள்ளி, அதாவது கிரெயின், எவ்ளோ இருந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டாங்க. லேண்ட்ஸ்கேப் அப்படி இல்ல. தூரத்து மலைச்சரிவுல இருக்குற ஒவ்வொரு மரமும், பனியில காத்து போட்ட கோடும், பாறை வெடிப்பும்தான் அங்க படமே, அதையெல்லாம் 35 எம்எம் நெகட்டிவ்ல இருந்து ஆளுயர பிரிண்ட் போட்டா கிரெயின் எல்லாத்தையும் தின்னுடும். அதனால ஜெனிசிஸுக்காக பென்டாக்ஸ் 645ங்கிற பெரிய ஃபிலிம் கேமராவுக்கு மாறினாரு. அந்த நெகட்டிவ் 35 எம்எம்மைவிட பரப்புல 2.7 மடங்கு பெருசு. அதுக்குப் போடுற 220ங்கிற ரோல்ல முப்பது சொச்சம் பிரேம் வரும். டிரை-எக்ஸ் அதேதான்.

சிக்கல் கேமராவுல வரல, ஏர்போர்ட்ல வந்துச்சு.

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் ஏர்போர்ட் செக்கிங் எப்படி ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி ஃபிலிமை தனியா பையில போட்டு கையால செக் பண்ணுங்கன்னு கேட்டா பல இடத்துல கேட்பாங்க, அப்புறம் பெல்ட்ல போடுன்னு சொல்லிட்டாங்க. பாரிஸ்ல இருந்து கிளம்பி மூணு நாலு ஃபிளைட் மாறி ஒரு மூலைக்குப் போய் அதே வழியா திரும்பி வர்றவருக்கு ஒவ்வொரு ரோலும் எத்தனை தடவை எக்ஸ்ரேக்குள்ள போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஒரு தடவை போனா பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா எக்ஸ்ரே ஃபிலிம்ல சேர்ந்துக்கிட்டே போகும். அது படத்துல எங்க அடிக்குதுங்கிறதுதான் முக்கியம். நெகட்டிவ்ல நிழல் பகுதி ரொம்ப மெல்லிசா இருக்கும், வெள்ளி கொஞ்சம்தான் படிஞ்சிருக்கும். எக்ஸ்ரே மொத்த ஃபிலிம்லயும் ஒரு லேசான புகை மூட்டம் ஏத்தி விடுது. அடர்த்தியா இருக்குற வெளிச்சப் பகுதிக்கு அது ஒரு பொருட்டே இல்ல, ஆனா மெல்லிசா இருக்குற நிழல்ல அந்தப் புகையே பெருசு, அங்க இருந்த நுணுக்க வித்தியாசம் எல்லாம் ஒண்ணாக் கலந்து சாம்பலாப் போயிடும். இவரு படம் நிக்கிறதே நிழல்லதான். அதோட பாரிஸ் வந்து டெவலப் பண்ற வரைக்கும் எந்த ரோல் போச்சு எது தப்பிச்சுதுன்னு தெரியவே தெரியாது. வாரக்கணக்குல பனியில நடந்து எடுத்தது, திரும்பப் போய் எடுக்குற சமாச்சாரமா அது? வெறுத்துப் போய் இந்த வேலையே வேணாம்ங்கிற நிலைக்கு வந்திருக்காரு.

2008ல கேனான் 1டிஎஸ் மார்க் 3 எடுத்து டெஸ்ட் பண்றாரு. அந்தக் காலத்துல கேனான்ல அதுதான் உச்சம், 21 மெகாபிக்ஸல், ஃபுல் ஃபிரேம், 14 பிட் ரா, அதாவது சென்சார் பதிஞ்சதை அப்படியே வெச்சுக்கிற ஃபைல். பிரிண்ட் போட்டு பக்கத்துல வெச்சுப் பார்த்தா 645 ஃபிலிமுக்கு சளைக்கல, சில விஷயத்துல அதைவிட மேல. சரி மாறலாம்னு முடிவு. கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இவ்ளோ எழுத மாட்டேன், ஏன்னா அந்த வருஷங்கள்ல எல்லாரும்தான் மாறினாங்க. இவரு என்னத்தை மாத்தினாரு, எதை மாத்தவே விடலங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

மாறினது சென்சார் ஒண்ணுதான். வியூஃபைண்டர்ல 645 பிரேம் அளவுக்கு மாஸ்க் போட்டுக்கிட்டாரு, அதாவது 3க்கு 2 சட்டத்துல ரெண்டு ஓரத்தையும் மறைச்சுட்டு பழைய 4க்கு 3 சட்டத்துலயே படத்தைக் கட்டினாரு. கணக்குப் போட்டா 21 மெகாபிக்ஸல்ல ஒன்பதுல ஒரு பங்கு அப்படியே குப்பைக்குப் போகுது, பத்தொன்பதுகூட மிஞ்சாது. நம்மாளுங்க 24க்கும் 26க்கும் யூடியூப்ல ரத்தம் சிந்துறாங்க, இவரு இருக்குறதையே வெட்டி எறிஞ்சுட்டு போயிருக்காரு. அடுத்தது எடிட்டிங். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல உக்காந்து படம் செலக்ட் பண்றதே கிடையாது. ஃபைல் எல்லாம் பாரிஸ் வந்ததும் பேப்பர்ல கான்டாக்ட் ஷீட்டா, அதாவது ஒரே தாள்ல குட்டிக் குட்டி படங்களா, அடிச்சுக் கொடுப்பாங்க, கருப்பு வெள்ளையிலதான், அதை பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொண்ணா பார்த்து மார்க் பண்ணுவாரு. அதுல இருந்து சின்ன பிரிண்ட், அதுல இருந்து வடிகட்டி அடுத்த பிரிண்ட். அத்தனை வருஷமா செஞ்ச அதே வழி.

அப்புறம் கிரெயின். டிஎக்ஸ்ஓ கம்பெனியோட ஃபிலிம்பேக்னு ஒரு சாஃப்ட்வேர், நிஜ ஃபிலிமை அளந்து அதோட டோனையும் (சாம்பலோட அடர்த்தி) கிரெயினையும் டிஜிட்டல் ஃபைல்ல கொண்டு வர்றது, அதை வெச்சு டிரை-எக்ஸ் தோற்றம் ஏத்தினாங்க. கடைசியா, பிரிண்ட் போடத் தேர்வான ஃபைலை 4க்கு 5 இன்ச் நெகட்டிவ் ஃபிலிம்ல எழுதி எடுத்து, அந்த நெகட்டிவை, படத்தைப் பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்கிற என்லார்ஜர்ல போட்டு பழையபடி வெள்ளி பூசின பேப்பர்ல பிரிண்ட். ஆக ஒளி சென்சார் வழியா உள்ள வந்து ஃபிலிம் வழியா வெளிய போகுது. கிறுக்குத்தனமா தெரியும்ல?

எனக்கும் முதல்ல அந்த கிரெயின் விஷயம் உறுத்துச்சு. இல்லாததை ஏத்தி ஃபிலிம்னு நம்ப வைக்கிற ஏமாத்து வேலைதானே இதுன்னு. ஆனா கருப்பு வெள்ளை லேண்ட்ஸ்கேப் பிரிண்ட் போட்டுப் பார்த்தவங்களுக்கு கிரெயினோட வேலை என்னன்னு தெரியும். டிஜிட்டல் வானம் வழவழன்னு இருக்கும். கலர்ல நீலம் அதைத் தூக்கி நிறுத்திடும், சாம்பல் ஆக்கினதும் அங்க கண்ணு பிடிச்சு நிக்க ஒண்ணுமே இருக்காது, கழுவி விட்ட சுவர் மாதிரி ஆயிடும், போதாக்குறைக்கு காண்ட்ராஸ்ட் ஏத்தினா வானத்துல படிப்படியா பட்டை விழும். லேசா கிரெயின் தூவினா அந்தப் பட்டை உடைஞ்சு போயிடும், இது ஆடியோ ஆளுங்க பண்ற டித்தரிங் மாதிரியேதான், வேணும்னே கொஞ்சம் சத்தம் கலந்து படிகளை மறைக்கிறது. இன்னொண்ணு, 19 மெகாபிக்ஸல் ஃபைலை 300 டிபிஐயில (இன்ச்சுக்கு 300 புள்ளி) போட்டா பதினாறரை இன்ச் அகலம்தான் வரும், அதுக்கு மேல பெருசாக்கினா விளிம்பெல்லாம் பிளாஸ்டிக் ஆயிடும், கிரெயின் இருந்தா கண்ணு அதைப் பிடிச்சுக்கிட்டு மீதியை மன்னிச்சிடும். எல்லாத்துக்கும் மேல பாதி புக் ஏற்கெனவே டிரை-எக்ஸ்ல எடுத்து முடிச்சாச்சு, மீதி பாதி மட்டும் வழவழன்னு நின்னா பார்க்குறவங்க மலையை விட்டுட்டு கேமராவைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அதனால இந்த கேஸ்ல கிரெயின் சரிதான்ங்கிறது என் கட்சி. போன்ல எடுத்த சாப்பாட்டு போட்டோவுல கிரெயின் போடுறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப டெக்னிக்கலா நிஜமான மாற்றம் எங்க நடந்துச்சுன்னு பார்க்கணும், அது கிரெயின்ல இல்ல, கலர் சாம்பலா மாறுற இடத்துல. ஃபிலிம்ல அந்த முடிவு ஷட்டர் அமுக்குறதுக்கு முன்னாடியே எடுத்தாகணும். டிரை-எக்ஸ் எல்லா நிறத்தையும் பார்க்கும்னாலும் நீலத்தை கொஞ்சம் தாராளமாவே பார்க்கும், சும்மா எடுத்தா வானம் வெளுத்து மேகமும் வானமும் ஒண்ணாப் போயிடும். அதுக்குத்தான் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர் கண்ணாடி. சிவப்பு போட்டா வானம் கறுத்து மேகம் பளிச்னு நிக்கும், ஆனா பச்சை இலையும் கூடவே கறுக்கும், நிழல் நீல வானத்தோட வெளிச்சத்துல இருக்குறதால அதுவும் அடைச்சுக்கும். ஒண்ணை வாங்கினா ஒண்ணைக் கொடுக்கணும், கொடுத்தது திரும்பாது.

கலர் சென்சார்ல கதையே வேற. சென்சாருக்கு முன்னாடி பேயர் ஃபில்டர்னு குட்டிக் குட்டி கட்டமா இருக்கும், பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ரா ஃபைல்ல மூணும் தனித்தனியா கிடக்கு, வீட்டுக்கு வந்து எதை எவ்ளோ கலந்து சாம்பல் ஆக்கணும்னு நாமளே முடிவு பண்ணலாம், வானத்துக்கு சிவப்பு ஃபில்டர், இலைக்கு பச்சை ஃபில்டர்னு ஒரே படத்துல ரெண்டையும் அனுபவிக்கலாம். கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனா நீலத்தை இழுத்துக் கீழ தள்ளினா அந்த நிறத்தோட சேனல்ல ஒளிஞ்சிருந்த நாய்ஸ், அதாவது தாறுமாறான புள்ளி, எல்லாம் வானத்துல வந்து குந்திக்கும், மலை விளிம்பை ஒட்டி வெள்ளையா ஒரு கோடு வேற கிளம்பும். ஆன்லைன்ல பார்க்குற கருப்பு வெள்ளை மலைப் படங்கள்ல பாதியை இந்த வெள்ளைக் கோட்டை வெச்சே இது கம்ப்யூட்டர்ல ஸ்லைடரை இழுத்துப் பண்ணின வேலைன்னு சொல்லிடலாம்.

இன்னொரு வித்தியாசம் ஹைலைட், அதாவது படத்துல ரொம்ப வெளிச்சமான பகுதி. ஃபிலிம்ல வெளிச்சம் கூடக் கூட அது மெதுவா வளைஞ்சு வெள்ளையாகும், சென்சார்ல ஒரு எல்லை வரைக்கும் நேரா போய் அதுக்கு மேல டக்னு வெட்டிடும், அங்க ஒண்ணுமே இருக்காது. அதனாலதான் நெகட்டிவ் ஃபிலிம் காலத்துல நிழலுக்கு எக்ஸ்போஷர் வைப்பாங்க, டிஜிட்டல்ல ஹைலைட்டுக்கு வைக்கணும். பனி, மேகம், துருவப் பகுதின்னு சுத்தினவருக்கு இது தலைகீழ் பாடம். புரூக்ஸ் மலைப் படத்துல மேகத்துக்கு நடுவுல வர்ற கீற்று வெள்ளையா வெட்டாம டோனோட நிக்கிறதையும், அதுக்கு விலையா பள்ளத்தாக்கு அவ்ளோ இருட்டா விழுந்திருக்குறதையும் பார்த்தா ஹைலைட்டைக் காப்பாத்திட்டு நிழலை நிழலாவே விட்டிருக்காருன்னு எனக்குத் தோணுது. அந்தத் தலைமுறை கேனான் சென்சார்ல நிழலை ரொம்பத் தூக்கினா நாய்ஸ் பட்டை பட்டையா கிளம்பும், அது தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்றது புரியும். ஊகம்தான், ஆனா படம் அப்படித்தான் இருக்கு.

சல்காடோ மேல விமர்சனம் இல்லாம இல்ல. எல்லாம் ஓவர் டிராமா, வானம் எப்பவும் பிரளயம் வர்ற மாதிரியே இருக்கு, இயற்கையை சாமி படம் ஆக்கிட்டாருன்னு சொல்றவங்க உண்டு. டிஜிட்டல் பாதியில அந்த டிராமா ஒரு படி கூடினதாவும் சிலர் சொல்வாங்க, அதுல கொஞ்சம் நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கிறேன், சில ஆர்க்டிக் படங்கள்ல மேகத்தோட நடு டோன் ரொம்பவே இறுக்கிப் பிடிச்சு உலோகம் மாதிரி ஆயிருக்கு. ஆனா இது டிஜிட்டலால வந்த வியாதின்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். அமெரிக்க லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபர் ஆன்சல் ஆடம்ஸ் 1941ல நியூ மெக்சிகோவுல எர்னாண்டஸ் ஊர் மேல நிலா எடுத்தாரே, அந்த நெகட்டிவ்ல வானத்துல மெல்லிசா மேகம் இருக்கு, ஆரம்பத்துல போட்ட பிரிண்ட்லயும் இருக்கு. வருஷம் போகப் போக அவரே வானத்தைக் கறுப்பாக்கிக்கிட்டே போயி பிந்தைய பிரிண்ட்ல நிலாவைச் சுத்தி ராத்திரி மாதிரி ஆக்கிட்டாரு, நடுவுல 1948ல நெகட்டிவோட கீழ்ப் பகுதியை கெமிக்கல்ல நனைச்சு அடர்த்தி ஏத்தவும் செஞ்சாரு. இது ஃபோட்டோஷாப்புக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி. கருப்பு வெள்ளையில நேர்மையான சாம்பல்னு ஒண்ணு என்னைக்குமே இருந்ததில்ல. எலக்ட்ரானிக் படம் வரப்போகுது, ஆவலா காத்திருக்கேன்னு அதே ஆடம்ஸ் 80களோட ஆரம்பத்துல எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு, அவரு பேரைச் சொல்லி டிஜிட்டலைத் திட்டுறவங்க அதைப் படிச்சிருக்க மாட்டாங்க.

இன்னொரு பாதையும் இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். ஜெனிசிஸ் ஷூட்டிங் முடியுற நேரத்துல, 2012ல, லைக்கா எம் மோனோகுரோம்னு ஒரு கேமரா விட்டாங்க, 18 மெகாபிக்ஸல், பேயர் ஃபில்டரே கிடையாது, கலர்னா என்னன்னே தெரியாத சென்சார். ஃபில்டர் ஒளியைத் தின்னாததால இருட்டுல நல்லா வேலை செய்யும், ஒவ்வொரு பிக்ஸலும் பக்கத்து பிக்ஸலைக் கேட்டு யூகிக்க வேண்டியதில்லைங்கிறதால விவரம் ஊசி மாதிரி இருக்கும். அப்புறம் பென்டாக்ஸ்கூட 2023ல கே-3 மார்க் 3 மோனோகுரோம் கொண்டு வந்தாங்க. ஆனா லேண்ட்ஸ்கேப்புக்குன்னு பார்த்தா இதுல திரும்ப பழைய இடத்துக்கே போறோம், வானம் கறுக்கணும்னா சிவப்பு கண்ணாடி மாட்டித்தான் ஆகணும், ஸ்லைடர் இல்ல. ஹைலைட் வெட்டுச்சுன்னா மொத்தமா போச்சு, கலர் கேமராவுல ஒரு சேனல் வெட்டினாலும் மத்த ரெண்டை வெச்சு கொஞ்சம் மீட்கலாம், இங்க அதுவும் கிடையாது. விலையைப் பத்தி பேசவே வேணாம். இந்தக் கட்டுப்பாட்டை கேமராவே நம்ம மேல திணிக்குது. சல்காடோ கலர் கேமராவை வெச்சுக்கிட்டு மாஸ்க், கான்டாக்ட் ஷீட், பிரிண்ட்னு தனக்குத் தானே வேலி போட்டு அதே கட்டுப்பாட்டுக்கு வந்தாரு, எனக்கு அதுதான் பெருசா தெரியுது, ஏன்னா அதுக்கு காசு வேணாம்.

அந்த வேலி இல்லாதப்போ என்ன நடக்குதுன்னு நம்ம ஹார்டு டிஸ்க்குலயே பார்க்கலாம். கலர்ல எடுத்து வெச்சது சப்புன்னு இருந்தா கருப்பு வெள்ளை ஆக்கிப் பார்ப்போம், கொஞ்சம் கிளாரிட்டி ஏத்துவோம், ஓரத்தை இருட்டாக்குவோம். பச்சை மலை, பச்சை வயல், பச்சை மரம்னு எடுத்த படம் சாம்பலானதும் எல்லாம் ஒரே டோன்ல விழுந்து களிமண் உருண்டை ஆயிடும், ஏன்னா அங்க பிரிச்சுக் காட்டினது வெயில் இல்ல, நிறம். பக்கவாட்டு வெயில்ல வரிவரியா நிழல் விழுந்த அதே வயலை எடுத்திருந்தா கலர் போனாலும் படம் நிக்கும். கேமராவுல ராவோட பிரிவியூவை மோனோகுரோம்ல வெச்சுக்கிட்டா, ரா ஃபைல்ல கலர் பத்திரமா இருக்கும், ஆனா ஸ்கிரீன்ல கண்ணுக்கு சாம்பல்தான் தெரியும். மிரர்லெஸ் கேமராவுல வியூஃபைண்டர்லயே அப்படித் தெரியும், சல்காடோவுக்குக்கூட அந்த வசதி இல்ல.

ஃபிலிமை விட்டதுல இவருக்கு நஷ்டமே இல்லையான்னா, இருக்கு. எத்தியோப்பியா வடக்கு மலைகள்ல சுமார் 850 கிமீ நடந்திருக்காரு, சைபீரியா யமால்ல நெனெட்ஸ் மக்களோட உறைபனியில போயிருக்காரு, அங்கெல்லாம் கரண்ட் ஏது, குளிர்ல பேட்டரி உக்காந்துடும், பென்டாக்ஸுக்கு ஒரு செட் பேட்டரி வெச்சு ஓட்டின இடத்துல இதுக்கு சார்ஜ் ஏத்துறதே ஒரு தனி வேலை. ஆனா அது சமாளிக்கிற பிரச்சினை, எக்ஸ்ரே சமாளிக்க முடியாத பிரச்சினை. ஏர்போர்ட்ல மெமரி கார்டை எத்தனை தடவை பெல்ட்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது, பல நூறு ரோல் சுமந்த இடத்துல ஒரு சின்ன டப்பா. அடுத்து வந்த அமேசானியா, 2021, அதுலயும் அமேசான் மழைமேகத்தை ஆகாயத்துல இருந்து எடுத்த படங்களைப் பார்த்தா இந்த முறையில ஆளு நல்லாவே ஊறிட்டாருன்னு தெரியும்.

2025 மே மாசம் பாரிஸ்ல சல்காடோ இறந்துட்டாரு. மிச்சம் இருக்குறது ஆர்க்கைவ், அதுலதான் இந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் இனிமேல் வெளிய வரப்போகுது. 2008க்கு முன்னாடி எடுத்த பிரேம்ல வேணாம்னு ஒதுக்கினதும் சேர்த்து எல்லாமே நெகட்டிவா உறையில இருக்கும், குளுமையா உலர்ந்த இடத்துல வெச்சா யாரு வேணாலும் நூறு வருஷம் கழிச்சும் லைட்ல தூக்கிப் பார்க்கலாம். 2008க்கு அப்புறம் பிரிண்டுக்குத் தேர்வான படத்துக்கு மட்டும்தான் அந்த 4க்கு 5 நெகட்டிவ் இருக்கு, ஒதுக்கின மீதி எல்லாம் ஃபைல். அதை யாராவது சில வருஷத்துக்கு ஒருதடவை புது டிஸ்க்குக்கு மாத்திக்கிட்டே இருக்கணும், கேனானோட அந்தக் கால ரா ஃபைலைத் திறக்குற சாஃப்ட்வேரும் இருந்துக்கிட்டே இருக்கணும்.